திரை அக்கா வாங்கி வந்த டிவி

அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் டிவி முன்னால்தான் வரும். மகனுக்குப் பந்தாட்டம் வேண்டும், அப்பாவுக்குச் செய்தி வேண்டும். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் ராஜா. மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவார். இருவருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கியவள் மருமகள்.

தெருவில் எல்லாரும் அவளைத் திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் திரை, வாசல் திரை, மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றித் தொங்குகிற பச்சைத் திரை, எதுவானாலும் அவள் தைத்தால் மடிப்பு பிசகாது என்று பேர். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் துணிச் சுருள்கள், துணி வெட்ட நீளமான மேசை. கணவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன்; இருட்டோடு போய் மதியத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவான். மாமனார் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்து பின்னறையில் தங்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பொழுது போகாத மனிதர், அவ்வளவுதான்.

பின்னறைக்கென்று ஒரு சின்ன டிவி இருந்தால் வீடு நிம்மதியாகும் என்று அவளுக்குத் தோன்றியது. திரைக் கம்பி வாங்கப் பழைய சாமான் கடைக்குப் போன ஒரு நாள், மூலையில் அது கண்ணில் பட்டது. சாம்பல் நிறப் பெட்டி. முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள், பக்கத்தில் திருகுகிற குமிழ்கள் ஏராளம். மூடிப்போன ஏதோ தொழிற்பள்ளியின் சாமான்களோடு வந்ததாம். வேலை செய்யுமா என்று கேட்டாள்.

"வெளிச்சம் வருதுக்கா, நானே பாத்தேன். என்ன வருதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். அவர் கடை வாசலுக்கு ஒரு திரை தைத்துத் தருவது, பதிலுக்குப் பெட்டியை எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது.

இத்தனை குமிழ் இருந்தால் அத்தனை சேனல் வரும் என்று கணக்குப் போட்டபடியே அவள் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். கனம் தோளை இறக்கிவிட்டது. மாமனார் கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு வைத்து, சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சையாக ஒரு கோடு வந்தது. இடமிருந்து வலம் ஒரே ஒரு கோடு. எந்தக் குமிழைத் திருகினாலும் அதே கோடுதான். மேலே போனது, கீழே வந்தது, தடித்தது, மெலிந்தது.

கணவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நல்ல சேனல், கதை சட்டென்று புரிந்துவிடுகிறது என்றான். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மாமனார் அதைப் பார்த்துவிட்டார்.

"சிரிச்சது போதும்டா" என்றார் மகனிடம். "இதுல விளம்பரம் வராதுல்ல? இங்கயே இருக்கட்டும்."

அவள் மனம் நோகக் கூடாதென்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளுக்காகப் பேசிய முதல் பேச்சு அது. ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் உண்மையாகவே தினமும் அந்தப் பெட்டியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். வேலைக்காலம் பூராவும் நான் மேலயும் கீழயும்தான் போனேன், இது பக்கவாட்டில் போகிறது, பார்க்க ஒரு மாறுதலாக இருக்கிறது என்பார்.

ஒரு நாள் காலை அவள் மெஷினில் இருந்தபோது பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வா. நான் டிவில வரேன்."

பெட்டியோடு வந்த ஒயரின் நுனியை அவர் கையில் பிடித்திருந்தார். கால் இடறுகிறதே என்று ஓரமாக ஒதுக்கப்போனபோது விரல் அதன் உலோக முனையில் பட்டிருக்கிறது. கோடு அலை அலையாக எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் கோடு படுத்துவிட்டது. வைத்தால் எழுந்தது. அவள் தொட்டாள், அவளுக்கும் ஆடியது. உன்னுடையதைவிட என்னுடையது உயரம் என்று மாமனார் உடனே போட்டிக்கு வந்தார். அன்றைக்குத் திரைத் துணி வெட்டின பாடில்லை.

அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற அம்மாள் ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டு சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாள். "அக்கா, உங்க வீட்ல ஆசிலாஸ்கோப்பா?" என்று கேட்ட குரலில், உங்கள் வீட்டில் யானையா என்று கேட்கிற வியப்பு இருந்தது. அவள் வீட்டில் ரேடியோ செய்கிறவளாம். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது, அது ஏறுவதையும் இறங்குவதையும் கோடாகப் போட்டுக் காட்டுகிற கருவி இது என்று விளக்கினாள். புதிதாகச் சட்டைப்பையில் அடங்குகிற மாதிரியெல்லாம் இப்போது வருகிறதாம், ஆனாலும் இப்படிக் கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பெட்டிக்கு உள்ள அழகு வராதாம். இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்து பார்க்கிற நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் பின்கூடத்தில் கூடுகிறோம், இதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துணிச் சுருள் தள்ளுகிற வண்டியில் பெட்டியை ஏற்றி, மேலே போர்வை சுற்றி, மாமனாரும் மருமகளும் கிளம்பினார்கள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

கூடத்தில் மேசைக்கு மேசை ஒருவர் குனிந்திருந்தார். ஈயம் உருகுகிற வாசனை. மேசைகளின் மேல் ஒயர்கள், பூனை கையில் கிடைத்த நூல்கண்டு மாதிரி. நடுவில் ஒரு பல் டாக்டர், தானே செய்த பெட்டியிலிருந்து புல்லாங்குழல் சத்தம் வரவழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது கோழி சத்தம். யாரும் அதை மறைக்கவில்லை, அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அது திரை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று.

மாமனார் தன் விரல் மகிமையை எல்லாருக்கும் காட்டினார். தன் உடம்பில் கரண்ட் ஓடுவது இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது என்றார். பல் டாக்டர் அவரை மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கரண்ட் உங்களுக்குள்ள இல்லைங்க ஐயா. சுவத்துக்குள்ள ஒயர்ல ஓடுதே, அதை நீங்க ரேடியோ ஏரியல் கம்பி மாதிரி பிடிச்சுக் குடுக்குறீங்க."

மாமனார் சற்று யோசித்தார். "ஏரியல்னா சரி" என்றார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் அவர் பேர் ஏரியல் ஐயா.

அவள் பேரை மாற்ற யாருக்கும் அவசியம் வரவில்லை. திரை என்றால் துணியும்தான், கண்ணாடியும்தான், அலையும்தான், அக்காவுக்குப் பேர் மூன்று பக்கமும் பொருந்துகிறது என்று தபால்காரம்மா சொல்லிவிட்டாள்.

விருந்தாளியாகப் போனவள் வாரம் தவறாமல் போகிறவளானாள். மின்சாரம் அளக்கிற மீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். சுவர் மின்சாரத்தில் மட்டும் இந்தப் பெட்டியின் உலோக முனை ஒயரைச் செருகவே கூடாது, பேட்டரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மந்திரம் மாதிரி மனதில் வைத்துக்கொண்டாள். அவளுடைய தையல் மெஷின் கொஞ்ச காலமாகவே சண்டித்தனம் செய்தது. காலால் அழுத்த அழுத்த வேகம் சீராக ஏறாமல் நடுவில் ஒரு திக்குத் திக்கும். மெஷினிலிருந்து கால்மிதியைக் கழற்றி, சின்ன பேட்டரி கொடுத்து, பெட்டியில் மாட்டினாள். அழுத்தினாள். கோடு மெல்ல மேலே ஏறியது, பாதி வழியில் பள்ளத்தில் விழுந்து எழுந்து மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். மிதியைத் திறந்தால் உள்ளே இருந்த தடத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து கிடந்தது. வேறு வாங்கி மாட்டினாள். மெஷின் வெண்ணெயில் கத்தி போனமாதிரி ஓடியது. அன்று முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கணவனைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று முன்னறைக்கு ஓடினான்.

அவள் கண்ணுக்கு மட்டும் உறுத்திய ஒன்று அந்தக் கூடத்தில் இருந்தது. உயிரைப்போல நேசிக்கிற மீட்டரையும் ஒயர்களையும் எல்லாரும் கிழிந்த பாலிதீன் பையில் திணித்துக்கொண்டு வந்தார்கள். ஒயர் சிக்கெடுப்பதிலேயே பாதி ஞாயிறு போய்விடும். திரைத் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை எடுத்தாள். உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, மீட்டருக்கு ஒரு அறை, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு வளையம், கூர்முனை கையில் குத்தாமல் ஒரு உறை வைத்துத் தைத்தாள். தபால்காரம்மாவுக்கு முதல் பை. அடுத்த வாரம் பல் டாக்டர், பூப்போட்ட துணியிலேயே தனக்கு வேண்டும் என்றார். பிறகு வேறு ஊர்க் கூடங்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். தையலில் பாதி திரை, பாதி பை என்றாயிற்று.

இதற்கிடையில் பின்னறையில் ஒரு அதிசயம். யாரும் தொடாமலே கோடு தானாக ஆட ஆரம்பித்தது. முதலில் லேசான நெளிவு. வாரம் போகப் போக நல்ல அலை. பெட்டி தன்னிடம் பழகிவிட்டது என்று மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். நூலகக் கூடத்தில் ஊராருக்கெல்லாம் காட்டும் நாள் ஒன்று வரப்போகிறது, அன்றைக்கு நம் பெட்டிதான் நாயகன் என்றார்.

அந்த நாளுக்கு முந்தின வாரம் பெட்டி ஒரு தடவை முனகியது. பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை வந்தது. கோடு சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. அவள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன் வந்து ரிமோட்டை நீட்டினான். செய்தி போடுகிறேன், வாருங்கள் அப்பா என்றான். அவர் வரவில்லை. மகன் ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிவந்து வெட்டுகிற மேசையில் வைத்தான்.

மாலையில் பல் டாக்டரும் தபால்காரம்மாவும் வந்தார்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் ஷாக் அடிக்கும் என்று அதை முதலில் வடித்தார்கள். எங்கே தொடங்குவது என்று இருவரும் தாடையைத் தடவும்போது, கொஞ்ச நாளாகவே கோடு சும்மா இருக்கவில்லை, தானாக நெளிந்துகொண்டிருந்தது என்று அவள் சொன்னாள்.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?" என்றாள் தபால்காரம்மா.

"மாமாவுக்குப் பிடிச்சிருந்துது."

டாக்டர் சிரித்துவிட்டார். மின்சாரத்தை வாங்கித் தேக்கி, மேடுபள்ளம் இல்லாமல் கொடுக்கவேண்டிய கெப்பாசிட்டர் வறண்டுபோனால்தான் கோடு அப்படி நெளியும் என்றார். தேடினார்கள். சின்ன டப்பா மாதிரி ஒன்று தலை உப்பி நின்றது. கழற்றி, தீப்பெட்டி அளவான சோதனைக் கருவியில் வைத்தார்கள். அதன் சக்தி முக்கால்வாசி போயிற்று என்று எண் வந்தது. அந்தத் தீப்பெட்டி சொல்வதை நம்பலாமா என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. மாமனார் எழுந்து வந்திருந்தார்.

டாக்டர் கொண்டுவந்திருந்த புதியதை அவளே ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். பல வருஷம் ஊசிக் கண்ணில் நூல் கோத்த கை. மாமனார் விளக்குப் பிடித்தார். கணவன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சுவிட்சைப் போட்டார்கள். புள்ளி வந்தது. கோடு வந்தது. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக, அசையாமல். எல்லாரும் கை தட்டினார்கள்.

மாமனார் மட்டும் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "என்னம்மா இது, செத்துப்போன மாதிரியில்ல கெடக்குது?"

நேராக இருந்தால்தான் ஆரோக்கியம் என்று ஆளுக்கு ஒருவிதமாகச் சொன்னார்கள். அவர் நம்பாமல் ஒயரின் முனையில் விரலை வைத்தார். கோடு துள்ளி எழுந்தது. "ம், இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தார்.

ஊருக்குக் காட்டும் நாளன்று கூடத்தில் நல்ல கூட்டம். ஏரியல் ஐயாவின் மேசைக்குத்தான் வரிசை நீளம். அவர் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டார். "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாருக்கும் இடமிருக்கு, கதவை மறைக்காம நில்லுங்க" என்று லிஃப்ட் வாசலில் நிற்கிற அதே குரலில் ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொருவர் விரலுக்கும் அலை எழும்போது, ஏதோ மாடிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி தலையசைத்து அடுத்தவரைக் கூப்பிட்டார். கம்பெனி வேனில் எல்லாருக்கும் ரொட்டி கொண்டுவந்த மகன், வந்த வேலையை மறந்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். அவன் முறை வந்தபோது அப்பா அவனைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கை ஈரமில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து மேசையில் திரை அக்காவின் பைகள் இருந்தன. மதியத்துக்குள் மேசைத் துணி மட்டும்தான் மிச்சம். அதையும் ஒருவர் விலை கேட்டார்.

இப்போது முன்னறை டிவி பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. தனியாகப் பந்தாட்டம் பார்க்கக் கணவனுக்குப் பிடிக்கவில்லையாம். ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லாமல் என்ன ஆட்டம் என்கிறான். மதியம் வேனை நிறுத்திவிட்டு வந்து வெட்டுகிற மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து பைகளுக்கு அழுத்துப் பொத்தான் வைத்துத் தருகிறான். அப்பா எதிரே உட்கார்ந்து அது கோணல், இது கோணல் என்கிறார். கோணல்தான். அவன் எழுந்து போனதும் திரை அக்கா அவற்றைச் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி வைத்துவிடுகிறாள்.