சகுனத் தடைக்கு ஒரு மடக்குத் தண்ணீர்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. ஆனால் மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் அவனிடம் நிற்கும். ஊர் அதைத் திமிர் என்றது. நான் மறதி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பயிற்சி தந்த அம்மாதான் என்னைத் திருத்தினார்.

"மறதி இல்லீங்க. கையில புடிச்சு வெச்சுக்கிற எடம் சின்னதாயிட்டிருக்கு. இன்னொண்ணு குடுத்தா, முன்ன இருந்தது கீழ வுழுந்துடும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் மலைக் கிராமம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாரம் ஒருமுறை அவனோடு போவேன். எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்வான். பட அட்டைகளைப் பார்த்து, மூடி, வரிசை சொல்வான்.

"சொல்லிட்டிருக்கும்போது யாராவது குறுக்க பேசினா இன்னா பண்ணுவீங்க?" என்று ஒருநாள் அந்த அம்மா கேட்டார்.

தம்பி யோசித்தான். "கெளம்பறவனை எங்க போறன்னு கேட்டா எங்க ஊர்ல சகுனத் தடைங்க. உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுதான் கெளம்புவோம். அந்தத் தண்ணி குடிக்கிற நேரத்துல நானு மொதல்லேர்ந்து சொல்லிக்கலாங்களா?"

அந்த அம்மா பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊர் சாமை மில்லுக்கு ஆள் தேவைப்பட்டது. தம்பிக்கு அந்த வேலை மேல் அப்படி ஓர் ஆசை. மில்காரர் இழுத்தார். "தனியா கீழ ஒடுகத்தூர் போயி பெல்ட்டு, கிரீஸு, கோணி ஊசி, மூணும் வாங்கியாரட்டும். சீட்டு கீட்டு வாணாம், மில்லுல எத்தினி சீட்டு எழுதிக் குடுப்பேன்? அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் தூறல். குடையை எடுத்துக்கொண்டு, மூன்று சாமானையும் முணுமுணுத்தபடி கிளம்பினான். பஸ் வந்து நின்றிருந்தது. நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரி, பாவம், வாஞ்சையாகத்தான் கேட்டாள்: "இன்னாபா, காலங்காத்தால எங்க கெளம்பிட்ட?"

அவன் நின்றுவிட்டான். உதடும் நின்றது. மூன்றையும் கத்திச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். "ஏறுபா! இத வுட்டா மத்தியானம்தான் வண்டி."

"சகுனத் தடைண்ணா. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

அதை யார் மறுப்பார்கள்? டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "குடி, குடி," என்றார் கண்டக்டர். "மலையெறங்கற வண்டி. எனக்கும் சேத்துக் குடி."

ஒரு கல்லில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து குடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான், மூன்று. பிறகு ஏறினான்.

சாயங்காலம், நானும் கூட நிற்க, மில் மேசையில் பெல்ட்டை வைத்தான். கிரீஸ் டப்பாவை வைத்தான். சட்டைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய ஊசியை எடுத்து வைத்தான். மில்காரர் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். நான்தான் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "கொடை எங்கடா?"

"பஸ்லயே வுட்டுட்டேன்க்கா. அது லிஸ்ட்ல இல்லியே."

போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானே வருசத்துக்கு மூணு கொடை வுடறேன். காத்தால எட்டு மணிக்கு வந்துடுடா."

"வர்ற வழில யாராவது எங்க போறன்னு கேட்டாங்கன்னா அஞ்சு நிமிசம் லேட்டாவுங்க," என்றான் தம்பி.