ரெம்பலின் கால்கள்

ரதிதேவியும் அவள் தகப்பன் திருநாவுக்கரசும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புக்கெகோஹி என்ற வெங்காய ஊரில் இருந்த மெனோனைட் கிறிஸ்தவ சபை மண்டபத்தின் தண்ணீர் ஹீட்டருக்கு எலிமென்ட் மாற்றியது. 1996, ஜூன் மாதக் குளிரில், ஒரு சனிக்கிழமை. அவள் மின்பொறியியலாளர். மெயின் சுவிட்சை அணைத்து, தொட்டியை வடித்து, பழைய எலிமென்டைக் கழற்றினாள். அவர் டோர்ச் பிடித்தார்.

"எங்கட பாத்ரூம் பைப் மாசக்கணக்கா ஒழுகுது. அதுக்கு உங்களுக்கு நேரமில்லை."

"அதுக்கு வாளி வைக்கலாம் பிள்ளை. இஞ்ச பச்சைத்தண்ணியில காலை வைக்கேலாது."

"ஏன், சேர்ச்சுக்குக் கால் கழுவவோ வாறவை?"

"ஓம்," என்றார் அவர்.

ஆறு வருடங்களாக அவள் அந்தச் சபையோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர், மனைவி இறந்தபின் பக்குரங்காவில் மகள் வீட்டுக்கு வந்தார். சும்மா இருக்க முடியாமல் ரெம்பல் என்பவரின் வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிக்கப் போனார். ரெம்பல் ஒரு ஞாயிறு சபைக்கு அழைத்தார். போனவர் போனவர்தான். மதம் மாறவில்லை. நெற்றி நிறையத் திருநீற்றோடு பின்வரிசையில் இருப்பார். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அவர்கள் கதைதான். போருக்குப் போகமாட்டோம், துவக்கைத் தொடமாட்டோம் என்று நாடு நாடாக இடம்பெயர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். கனடாவிலிருந்து நாலு குடும்பம் வந்து இங்கே காணி வாங்கியது. முதல் கூட்டத்தில் வெங்காயப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதில்தான் இருந்தார்கள். பியானோ வாங்குவதா வேண்டாமா என்று சபை இரண்டாக உடைந்தது. அறுவடைக்கு ஆள் பற்றாமல் திரும்ப ஒட்டியது. பியானோ இன்றுவரை வரவில்லை. கல்லறையில் யார் பக்கத்தில் யார் என்றுகூட வரிசையாகச் சொல்வார்.

"அப்பப்பான்ர தகப்பன்ர பேர் என்ன?" என்று அவள் ஒருநாள் குறுக்கே கேட்டாள்.

யோசித்தார். "சின்னத்தம்பியோ... நாளைக்குச் சொல்லுறன்."

சொல்லவில்லை.

இன்னொரு பெயர் அந்த வீட்டில் எடுக்கப்படுவதே இல்லை. யசீகரன், அவள் தம்பி. இயக்கத்துக்குப் போய்ச் செத்தவன். அவள் தொடங்கினால் அவர் எழுந்துபோய் டிவியைப் போடுவார்.

புது எலிமென்டைப் பொருத்தும்போது அவர் கால் கழுவும் கதையைச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று சபையார் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்களாம். இந்த வருடம்தான் முதல்முறையாக அவரும் அதற்குப் போனாராம்.

"ரெம்பல் குனிஞ்சு என்ர காலைக் கழுவித் துடைச்சார். ஐஸ் மாதிரித் தண்ணி. என்னைவிட இளையவர்தானே எண்டு நான் தலையில கை வைச்சு, நல்லா இருங்கோ எண்டு ஆசீர்வதிச்சுப்போட்டு எழும்பி வந்திட்டன்."

"அதில என்ன பிழை?"

"பிறகு நான் அவற்ற காலைக் கழுவ வேணுமாம்! மனுசன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்."

அவள் ஸ்பானரை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"வாற வருசம் சுடுதண்ணியில வடிவாக் கழுவிவிட வேணும்," என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. மகள் இருக்க, அவர் காலை வேறொருவன் கழுவியிருக்கிறான். நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினாள்.

ஆகஸ்டில் நெஞ்சு வலித்து விழுந்து இறந்தார். வெங்காயக் கொட்டகையில். அதுவும் அங்கேதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ரெம்பல் வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. சாப்பிட்டபின் அவளருகே வந்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "யசீகரனைப் பற்றி அடிக்கடி சொல்வார். சைக்கிள் ஓட்டிக்கொண்டே புத்தகம் வாசிப்பானாமே. சொல்லி அழுவார். பிறகு இரண்டு பேரும் வேலைக்குத் திரும்புவோம்."

அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

"அந்தச் சைக்கிளின் பின் கரியரில் இருந்தது நான்," என்றாள்.

"அதை அவர் சொல்லவில்லை," என்றார் ரெம்பல்.

அப்பா அங்கே விட்டுப்போனதில் ஒன்றாவது தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"வருகிற பெரிய வியாழன் நான் வருகிறேன். அப்பா கழுவாமல் விட்ட காலை நான் கழுவுகிறேன்."

ரெம்பல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். அதுதான் எங்கள் வழக்கம். என் மனைவி உங்களோடு சந்தோஷமாக..."

"உங்கள் மனைவிக்கு அப்பா கடன் ஒன்றும் வைக்கவில்லை."

"இல்லைதான்." நல்ல மனதோடுதான் சொன்னார்: "மகன் இருந்திருந்தால் செய்திருக்கலாம்."

செத்த தம்பிகூட வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றான். அவள் உள்ளே போய், வடையைக் கட்டிக்கொண்டு வந்து ரெம்பலிடம் கொடுத்தாள்.

மறுவருடம் பெரிய வியாழனன்று அவள் வேலைக்குப் போனாள். அடுத்த நாள் ரெம்பலின் மனைவி அவளுக்குப் போன் எடுத்தாள். ரெம்பல் இன்னொருவரின் காலைக் கழுவினாராம். தன் காலை எவரிடமும் கொடுக்கவில்லையாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கூட்டம் முடியும்வரை அப்படியே இருந்தாராம்.

அப்பாவுக்காகக் காத்திருப்பதிலும் அந்த மனிதர் அவளை முந்திவிட்டார்.

திருநாவுக்கரசு கழுவ வேண்டிய கால்கள் இன்னும் கழுவப்படவில்லை.