பஃப் கை ஜாக்கெட்

என் கணவர் இறந்த மறுவருடம் நாத்தனாருக்குக் கல்யாணம். அந்தக் காலத்து பஃப் கை வைத்த ஜாக்கெட் வேண்டும் என்றாள். மாமியாரின் பழைய ஜாக்கெட்டைப் பிரித்து, அதை வைத்துக் காகிதத்தில் வடிவம் வெட்டி, பட்டுத் துணியில் தைத்தேன். நாத்தனார் அப்போது திருக்கோவிலூரில் வேலையிலிருந்தாள்; அளவு கொடுக்க வர முடியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

"நான் இல்லாம எப்பிடி அண்ணி இவ்ளோ கரெக்டா தச்சீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானம்மா. நானே போட்டுப் பாத்தேன்."

அவள் முகம் மாறியது. "இன்னாது? தாலி அறுத்தவ போட்டத நான் மணவறையில போட்டுக்கினு உக்காரணுமா?"

கழற்றி, என் கத்தரியாலேயே இரண்டு கைகளையும் வெட்டிப் போட்டாள். மாமியார் துண்டுகளைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். "அடுப்பு தொடைக்க ஆவும், வையி."

மறுநாள் என்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். அடுப்பைத் துடைத்தேன். பட்டு எண்ணெயை இழுக்கவே இல்லை.