பாப்பம்மாவின் குதிகால்

பாப்பம்மா கால் முன்னே வரப் பிறந்தவள். அதனால் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் அவள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். குதிகாலால் மூன்று முறை மிதிப்பாள். பெரும்பாலும் சுளுக்கு விட்டுவிடும். அப்படியொரு நம்பிக்கையோடு மனிதர்கள் இன்னொருவர் காலடியில் படுப்பதை நான் போன வேறெந்த ஊரிலும் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த மறு வருடம், அவள் அண்ணன் இருளப்பனுக்கு ரப்பர் பால் வாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி இடது கால் விரல்வரை இறங்கியது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வந்து நிற்காதவர்களைத்தான், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு முதலில் ஏற்றுவார்கள் என்று கங்காணி சொல்லியிருந்தார்.

"மிதி தங்கச்சி. நாளைக்கு நான் நேரா நிக்கணும்."

"வலி காலுக்கு எறங்கியிருக்குண்ணே. சுளுக்கு மாதிரி தெரியல."

பக்கத்து வீட்டு முனியாண்டி சிரித்தார். "ஊரான் முதுகுன்னா ஓடி ஓடி மிதிக்கிற. சொந்த அண்ணனுக்கு மட்டும் யோசனையா லா?"

மிதித்தாள். மூன்றாவது மிதியில் இருளப்பனுக்கு மூச்சு நின்று வந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு கால்களும் மரத்துப்போயின. சிறுநீரும் இறங்கவில்லை.

மாட்டுவண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் பரஞ்சோதி அவன் பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார்.

"முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது பிதுங்கி நரம்பை நசுக்குது. எலும்பைக் கொஞ்சம் வெட்டி அதை எடுக்கணும். உடனே எடுத்தாத்தான் கால் வரும்."

"எடுங்கய்யா."

"அது தெரிஞ்ச வெள்ளைக்கார டாக்டரை ஜப்பான்காரன் சிறையில வெச்சிருக்கான். மயக்க மருந்து பூரா பட்டாளத்துக்குப் போயிருச்சு."

"மயக்கம் வேணாம். நீங்க அறுங்க, நான் அமுக்கிப் பிடிச்சுக்கிறேன்."

"அந்த எடத்துல நான் கத்தி வெச்சதே இல்லம்மா. அசைஞ்சா உயிர் போயிரும்."

அசையாமல் பலகையில் படுக்க வைத்தால் சிலருக்கு அந்தப் பிதுக்கம் தானாகவே சுருங்கும் என்றார்.

"நான் மிதிச்சதாலயாய்யா?"

"முன்னமே பிதுங்கியிருக்கும்" என்றார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து லயத்துக்குச் சயாம் லாரி வந்தது. முனியாண்டியை ஏற்றிக்கொண்டார்கள். இருளப்பனை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவன் இடுப்பில் படுக்கைப் புண் எலும்புவரை போயிருந்தது.

விடிந்ததும் பாப்பம்மா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைவிரலைக் கிள்ளுவாள்.

"தெரியுதாண்ணே?"

"இல்ல."

ஒரு நாள், கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "தெரியுது தங்கச்சி. கிள்றது தெரியுது."

அவள் இன்னும் தொட்டிருக்கவில்லை.