கதவு வைக்காத சுவர்

பனிமலைக்கு நடுவே இருக்கும் பிரதாச் கிராமத்துக்குக் கட்டடம் பார்க்க முதன்முதலாக ஆட்கள் வந்த அன்று, ஊரே அவர்களிடம் துக்கம் விசாரித்தது. தப்பு வந்தவர்கள் பேரில்தான். தபால் பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் தலை முதல் கால் வரை கருப்பு. கருப்புக் கோட்டு, கருப்புக் கால்சட்டை, மூக்குக் கண்ணாடிக்குக்கூடக் கருப்புச் சட்டம். இறங்கியதும் நேராகக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருந்த, செத்தவர்களை அடக்கம் வரை கிடத்தி வைக்கும் விடைவீட்டை நோக்கி நடந்தார்கள். எதிரே வந்த ஊர்க்காரி திரேசா முன்னால் நடந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பாவமே, யாரு போய்ட்டாங்க?" என்று கண் கலங்கிவிட்டாள். வந்தவர்கள் கட்டடம் கட்டும் படிப்புக்காரர்கள், அந்தத் தொழிலில் அதுதான் அன்றாட உடுப்பு என்று புரிவதற்குள், ஆளுக்கொரு கோப்பை காபியும் பேரிக்காய் ரொட்டியும் உள்ளே போயிருந்தன.

இந்தக் கதையைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்பியவள் பார்லா. அந்த மஞ்சள் தபால் பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள்தான். மலை வளைவுகளில் ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே பின்னால் இருப்பவர்களோடு வாயாடுவாள். பனிச்சரிவையும் பார்த்தவள், பஸ்ஸுக்கு முன்னால் படுத்துக்கொண்ட பசுவையும் பார்த்தவள். அவளை எதுவும் அசைத்ததில்லை. ஆனால் விடைவீடு என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது.

"அந்த வீட்டுக்குள்ள என்னங்க இருக்கு?" என்று பயணிகள் கேட்பார்கள்.

"ஒண்ணுமில்ல. நாலு சுவரு. நாங்க செத்தாத்தான் போவோம், நீங்க உசுரோட டிக்கெட் வாங்கிட்டுப் போறீங்க" என்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பிரதாச்சில் செத்தவர்களை அடக்கம் வரைக்கும் வீட்டுக் கூடத்தில்தான் வைப்பார்கள். ஊர் மொத்தமும் வரும். பச்சைக் கிளையால் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகும். வீடுகள் சின்னதாகிவிட்டன, மாடிப்படிகள் குறுகிவிட்டன, பொதுவில் ஒரு வீடு கட்டிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது, பார்லா எழுந்து நின்று சொன்னாள்: "என் வீட்டு ஆளு என் வீட்டுக் கூடத்துலேருந்துதான் போவாங்க. சாகுற அன்னைக்கே வெளிய தள்ளி விடறதுக்கு அவங்க என்ன விருந்தாளியா?"

கைகள் எண்ணப்பட்டன. அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் லுரேன், கட்ட வேண்டும் என்கிற பக்கத்துக்குக் கை தூக்கினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் கட்டடக் குழுவிலும் திரேசாவோடு அவன் போய்ச் சேர்ந்துகொண்டான். பார்லா அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவே நாளாயிற்று. ஏன் அப்படிச் செய்தான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கட்டி முடித்துப் பெயர் பரவி, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை ஏற்றி வந்து இறக்கிவிட்ட பார்லா மட்டும் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் லுரேன் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டான். ஒரு மத்தியானம் பார்லி சூப்பை ஊட்டிக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பார்லா, என்னை அங்க வையி."

"எங்க?"

"உனக்குத் தெரியும் எங்கன்னு."

"வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடி."

அவன் குடித்தான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் சரி என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, பனி விட்டு வெயில் வந்த நேரத்தில் அவன் போய்விட்டான்.

திரேசா வந்தாள். லுரேனின் நெற்றியைத் தொட்டாள். பிறகு விடைவீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலடி. போய்ப் பாரு. மனசுக்குப் பிடிக்கலன்னா கூடத்துலயே வைப்போம். ஊருல ஒரு வாய் பேசாது."

"நான் எல்லார் முன்னாடியும் சொன்னது என்னாவுறது, அக்கா?"

"அது உன் பாடு."

ஒரு பக்கம் தன் வாயால் சொன்ன சொல். இன்னொரு பக்கம் பதில் சொல்லாமல் விட்ட அவன் ஆசை. சொல்லைக் காப்பாற்றினால் அவனை ஏமாற்றியதாகும். அவன் ஆசைப்படி செய்தால், வாழ்ந்த வீட்டிலிருந்து அவனைத் தன் கையாலேயே வெளியே அனுப்பியதாகும். பார்லா கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். உண்மையைச் சொன்னால், குறை கண்டுபிடிக்கத்தான் போனாள். பெரிய குறையாக ஒன்று கிடைத்துவிட்டால், "இதுலயா உன்னை வைக்கிறது" என்று அவனிடமே சொல்லிவிடலாம்.

அடிச்சுவர் பக்கத்து மலையின் கல்லையே உடைத்துக் கலந்து வார்த்த கான்கிரீட். எங்கே பாறை முடிகிறது, எங்கே வீடு தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன்மேல் முழு முழு மரங்களை மூலையில் ஒன்றோடொன்று கவ்வ அடுக்கியிருந்தார்கள், மாட்டுக் கொட்டகைக்குச் செய்கிற மாதிரியே. இதைப் பார்க்கவா கடல் தாண்டி வருகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

உள்ளே போனதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

உயரமான ஒரே அறை. பூச்சில்லாத மரம், தேன் நிறத்தில், நான்கு பக்கமும். எங்கிருந்தோ மேலிருந்து வெளிச்சம் இறங்கிச் சுவரெல்லாம் வழிந்தது. நடுவில் வெறும் கட்டில். சுவரோரமாக நீளப் பெஞ்சு. இதில் அழகு என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றுமே இல்லை, ஆனாலும் பார்லா தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டாள். தொண்டையைச் செருமக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பெரிய மலைகளைப் பார்த்தவள்தான். நான்கு சுவருக்குள் அந்தப் பெரிய தன்மை வந்து இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

ஆனாலும் வந்த வேலை இருக்கிறதே. ஒரேயொரு ஜன்னல், அதுவும் முழங்கால் உயரத்தில். நின்று பார்த்தால் வெளியே பனித்தரை மட்டும்தான் தெரிந்தது. "குள்ளருங்களுக்கு வச்சிருக்கான்" என்றபடி, கால் ஓய்ந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் மலை வந்தது. அடிவாரத்துக் காடு, நடுவில் உறைந்த அருவி, வெயில் பட்ட உச்சி, எதுவும் வெட்டுப்படாமல் முழுசாக. அவள் தினமும் பஸ் ஓட்டி ஏறுகிற கடைசி வளைவுகூட ஓரத்தில் தெரிந்தது. இத்தனை காலமாக ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் இதுதானா என்று மலைத்துப்போய் அப்படியே இருந்தாள்.

பிறகு பழக்கம் அவளை எழுப்பிவிட்டது. காபி எங்கே போடுவது? கோப்பைகள் எங்கே? அலமாரி இல்லை. வெளியிலிருந்து வந்தபோது பின்பக்கம் புகைபோக்கி தெரிந்தது, அங்கே சமையலறை இருக்க வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மரம்தான். குறை கிடைத்துவிட்டது!

வாசலில் திரேசா வந்து நின்றிருந்தாள்.

"அக்கா, உலகமே வந்து பார்க்குற வீடு, சமையக்கட்டுக்குப் போகக் கதவு வைக்க மறந்துட்டாங்க! வெளிய பனியில சுத்திக்கிட்டா போறது?"

"மறக்கல. வரைபடத்துல கதவு இருந்துச்சு. உன் புருஷன்தான் வேண்டாம்னு ஒத்தைக் காலுல நின்னான்."

"அவனுக்கு என்ன கிறுக்கா?"

திரேசா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "உங்கம்மா செத்தப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"காபி போட்டேன். வேற என்ன பண்ணுவேன், ஊரே வந்துச்சே."

"அம்மா பக்கத்துல எவ்வளவு நேரம் உக்காந்த?"

பார்லா யோசித்தாள். பால் காய்ச்சியது நினைவில் இருந்தது. ரொட்டி நறுக்கியது, கோப்பை கழுவியது, மறுபடி கழுவியது. பெட்டியை மூடும்போது கையில் துடைக்கிற துணியோடு வாசலில் நின்றது. உட்கார்ந்தது மட்டும் நினைவில் இல்லை. அழுததும் இல்லை.

"குழுவுல அவன் சொன்னது இதுதான்டி," என்றாள் திரேசா. "'கதவு இருந்தா பார்லா எழுந்து போயிடுவா. காபியை ஊரு போடட்டும். அவ உக்காரட்டும்.' ஜன்னலையும் அவன்தான் இறக்கச் சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுக்கும் எதிரா கை தூக்கியிருப்ப."

பார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. கதவில்லாத அந்தச் சுவரை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

"கொண்டாந்துடுங்க அக்கா," என்றாள்.

லுரேனைக் கொண்டுவந்து நடுவில் கிடத்தினார்கள். ஊர் வந்தது. மறுநாள் வளைவில் தபால் பஸ்ஸின் ஊதல் கேட்டது, வேறொருவர் ஓட்டி வந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கருப்புக் கோட்டுகள். திரேசா பாய்ந்து போய் மறித்தாள்.

"விடுங்க அக்கா," என்றாள் பார்லா. "சாவு வீட்டுக்கு வந்தவங்களைத் திருப்பி அனுப்புறது எந்த ஊர் வழக்கம்?"

அவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். முன்னால் நின்ற ஊர்க்காரர் செய்ததைப் பார்த்து, அதேபோலப் பச்சைக் கிளையை எடுத்துத் தீர்த்தம் தெளித்தார்கள். கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்ட ஒரு நெட்டைப் பெண், ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து குனிந்து பார்த்தாள். பார்லா பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"உக்காந்து பாருங்கம்மா. அது உக்காருறவங்களுக்கு வச்சது."

அவள் உட்கார்ந்தாள். பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்தக் கருப்பு வரிசையில் துக்கத்துக்கு வந்தவர் யார், கட்டடம் பார்க்க வந்தவர் யார் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

சுவருக்கு அப்பாலிருந்து காபி வாசனை வந்தது. ஏதோ ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. "சர்க்கரை எங்கே?" என்று யாரோ கத்தினார்கள். பார்லா சட்டென்று எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். எதிரே வெறும் மரச்சுவர்.

திரும்பி வந்து லுரேன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அம்மாவுக்கும் சேர்த்து, சத்தமாக அழுதாள்.