தொடை இடுக்கில் ஒரு புள்ளி

1. கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி. வலி இல்லை.
2. அம்மா தொட்டுப் பார்த்து, சளிக்கு நெறி கட்டியிருக்கிறது என்றாள். (நெறி: சளியோ புண்ணோ வந்தால் அதற்கேற்பக் கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வீங்கும் கணு.) அருப்புக்கோட்டையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்.
3. கட்டி வளர்ந்தது. தூக்கத்தில் உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்த்தது.
4. மதுரையில் கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்).
5. அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன்.

ஐந்தாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சோலார் பிளான்டில் நான் பராமரிப்பு என்ஜினியர். வெப்பக் கேமரா கட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டு, சூடேறிய பேனல்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. பெட் ஸ்கேனும் ஏறக்குறைய அதுதான். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றுகிறார்கள். புற்று செல்கள் அதை அதிகமாக இழுக்கின்றன. இழுத்த இடம் படத்தில் ஒளிர்கிறது. படம் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பேனல் சூடானால் உள்ளே விரிசலாகவும் இருக்கலாம், மேலே காக்கை எச்சமாகவும் இருக்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கேட்டார்: சுகர் உண்டா, கர்ப்பமா, சமீபத்தில் காயம், புண் ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் பிளான்ட் வேலியோரம் ஒரு கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. அம்மா ஊக்கால் கிளறி எடுத்து வேப்பெண்ணெய் வைத்தாள். எங்கள் ஊரான பரளச்சிப் பக்கம் யாரும் இதைக் காயம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

டாக்டர் படத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். கழுத்து, நெஞ்சின் நடுப்பகுதி. அப்புறம், வெகு கீழே, வலது தொடை இடுக்கில் ஒரு புள்ளி.

உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே மட்டும் நோய் இருந்தால் இரண்டாம் நிலை. கீழேயும் இருந்தால் மூன்றாம் நிலை. கீமோ மருந்தேற்றும் சுற்றுகள் கூடும். அந்த ஒரு புள்ளியில்தான் எல்லாம் நின்றது.

காலில் ஏதும் அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"முள்ளு ஏறுச்சே சார். சீழ் வச்சிருச்சு, நாந்தான் எடுத்துவிட்டேன். அதுக்கு நெறி கட்டியிருக்கும்."

அவர் என் வலது பாதத்தை அழுத்திப் பார்த்தார். வலித்தது. "கேட்டப்ப ஏம்மா சொல்லல?" என்றார் என்னிடம்.

"முள்ளு குத்துனதையெல்லாம் ஆஸ்பத்திரில சொல்றதுனா, எங்கூர்ல ஒருத்தரும் வீடு போய்ச் சேர முடியாது சார்," என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்துக் கட்டிக்கும் அம்மா இதே வார்த்தையைத்தான் சொன்னாள், இதே குரலில்.

"நெறியா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா வாய்ப்ப வச்சு நான் வைத்தியம் பண்ண முடியாது," என்று அவர் பயாப்ஸிக்கு (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எழுதினார். கால் ஆறாமல் மருந்தேற்ற முடியாது என்றும் சொன்னார். மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துவிடும், சிறு சீழும் உடம்பெங்கும் பரவிவிடும்.

பஸ்ஸில் திரும்பினோம். காரியாபட்டி தாண்டியதும், அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "கழுத்துல நாஞ் சொன்னது தப்பாப் போச்சு. இதாச்சும் சரியா இருக்கட்டும்த்தா."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிவு வரும்வரை அந்த இடுக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தொட்டதாலேயே வீங்கியதோ என்று பயந்து நிறுத்தினேன். மறுபடியும் தொட்டேன். அம்மா கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, போகாமல் அடுப்படியிலேயே நின்றாள்.

பயாப்ஸியில் அழற்சி மட்டும்தான், புற்று இல்லை. இரண்டாம் நிலை.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: முள், சொத்தைப் பல், தடுப்பூசி, முந்தின நாள் மண்வெட்டி பிடித்தது. இவையும் சர்க்கரையை இழுத்து ஒளிரலாம். எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

மருந்தேற்றத் தொடங்கி இரண்டு சுற்று முடிந்ததும் மறு ஸ்கேன். மருந்து கேட்கிறதா, மாற்ற வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கல்லீரலின் ஒளிதான் அளவுகோல். நோய் இருந்த இடம் அதைவிட மங்கியிருக்க வேண்டும். கழுத்து மங்கியிருந்தது. நெஞ்சில் லேசான மிச்சம், ஆனால் கல்லீரலின் ஒளியைவிடக் குறைவு. மருந்தை மாற்ற வேண்டாம் என்றார் டாக்டர்.

இப்போது எனக்குக் கிழமைகள் தெரிவதில்லை. மருந்தேற்றிய வாரம், அது தெளிகிற வாரம், அவ்வளவுதான். உடம்பில் எங்காவது வலித்தால் முன்பு தேய்த்துவிட்டுப் போவேன். இப்போது எந்த இடம், எப்போதிருந்து என்று குறித்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலவரம்: இன்னும் இரண்டு சுற்று பாக்கி. அதன் பிறகு நெஞ்சுக்குக் கதிர்வீச்சு தேவையா என்று பார்ப்பார்கள். முடி போய்விட்டது, கால் ஆறிவிட்டது. குணமாகிவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.