வாயால் சொல்லும் ஓகே

என் அக்கா வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் ஓட்டிவிட்டார். ஓகே. மற்ற வார்த்தைகளை எதற்குச் சேர்த்து வைக்கிறாரோ தெரியாது.

போனில் அவர் ‘ஓகே’ என்றால், வைத்துத் தொலை என்று அர்த்தம். ‘ஓகே ஓகே’ என்று இரண்டு முறை வந்தால் நீங்கள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ‘ஓ...கே’ என்று இழுத்தால் அந்தக் காரியம் நடக்காது, வேறு ஆளைப் பாருங்கள். ஒருநாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முழங்கையில் ரத்தம் வழிய வீட்டுக்குள் வந்தார். அக்கா அலறியதற்கும் அதே பதில்தான். அக்கா புதுப்புடவையோடு எதிரே நின்று, “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டால், பேப்பரிலிருந்து தலை நிமிராமலே ஒரு ஓகே விழும். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருக்காது. அது தற்செயல் என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறாள்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையில் வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஓகே ஆயிடும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷன் அதற்குள் குனிந்து கட்டில் சக்கரத்தின் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழில் புத்தி. மேஜை மின்விசிறி செய்யும் ஃபேக்டரியில் கடைசி மேஜை மாமாவுடையது. ஒவ்வொரு விசிறியையும் மூன்று வேகத்திலும் ஓடவிட்டு, கம்பி வலையைக் குலுக்கி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். பழுது என்றால் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர். தேறியது என்றால் அடிப்பாகத்தைத் திருப்பி, ‘ஓகே’ என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கர். வேலையிடத்தில் மட்டும் அந்த வார்த்தையை வாயால் சொல்லவே மாட்டார்.

“நல்லதை ஏன் மாமா ஒளிச்சு ஒட்டுறீங்க?” என்று ஒருதரம் கேட்டேன்.

“பழுதுதான் பாத்ததும் தெரியணும்” என்றார். அதுவரை அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபேக்டரியிலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவராத ஆள். அவர் மகள் ஆறு வயதில், பள்ளிக்கூட நோட்டில் ஒட்ட ஒரே ஒரு பச்சை ஸ்டிக்கர் கேட்டு அழுது புரண்டாள். “ஓ...கே” என்றார். அதோடு சரி.

அந்த மகள் இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒரு பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று போன மாதம் வீட்டில் சொன்னாள். வந்த பதிலைச் சொல்லவும் வேண்டுமா?

என்னிடம் வந்து கொட்டித் தீர்த்தாள். “சித்தி, இது எந்த ஓகேன்னே எனக்குப் புரியல. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லட்டும், தாங்கிக்கிறேன். ஆனா அப்பாவுக்கு நெஜமாவே பிடிக்காம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்.” கண் கலங்கியிருந்தது. எனக்கோ மாமாவை இழுத்துவைத்து நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது.

பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். எந்த ஓகேவுக்கு எந்த முகம் காட்ட வேண்டும் என்று அவள் ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தாள். பாவம், பரீட்சையே நடக்கவில்லை. மாமா அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்தான், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாடைப்பட்டையின் கொக்கி உடைந்து, முடிச்சுப் போட்டிருந்தது. அக்காவும் நானும்தான் பேசிப் பேசி வாய் வலித்துப் போனோம். நடுவில் சமையலறைக் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டதும், பையன் தானாக எழுந்து போய் அதைத் திருகி நிறுத்தினான். சத்தம் நின்றதா என்று காதை வைத்தும் கேட்டான். மாமா ஓரக்கண்ணால் பார்த்தார்.

கிளம்பும்போது முதுகில் தட்டி அனுப்பினார்.

வாசலில் ஹெல்மெட்டை எடுத்த பையன் அப்படியே நின்றுவிட்டான். அதன் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர்.

மகள் உள்ளே பாய்ந்தாள். “என்னப்பா இது? வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா அவமானப்படுத்துவீங்க?”

“அது ஹெல்மெட்டுக்குத்தாம்மா. கொக்கி போயிருக்கு. புதுசு வாங்கச் சொல்லு.”

“அப்ப அவருக்கு?”

“முதுகைப் பாரு.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். சட்டை முதுகில், காலருக்குக் கீழே, வட்டமாகப் பச்சை.

“ஃபேக்டரிலேர்ந்து திருடிட்டு வந்தீங்களா?” என்று அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

“எழுதிக் குடுத்துட்டுதான் வாங்கினேன். பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. காரணம்: குடும்ப விஷயம்.”

“ரெண்டு எதுக்கு மாமா?” என்றேன்.

“ஆளைப் பாக்காம எப்படி முடிவு பண்றது?”

அதற்குள் மகள் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாகக் கிளப்பி உரித்துவிட்டாள்.

“அது எனக்குக் குடுத்தது” என்றான் பையன்.

“உங்களை அப்பா பாத்தாச்சு, போதும். இது என்னோடது. ஆறு வயசுல கேட்டது” என்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

மாமா அவள் கையைப் பிடித்து, ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஓகே என்றுகூடச் சொல்லவில்லை.